எந்த வேலைக்கு எந்தக் காசு? சொந்தத் தொழில்காரர்களைச் சேர்த்து வேலை நடத்தப் புதிதாக வருபவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பாருங்கள். வெளியே மோட்டாரில் ஏணி கட்டியிருக்கும். பக்கத்தில் நிற்கும் வேனுக்குள் வெல்டிங் பெட்டி, சாய வாளி, தரைக்கல் வெட்டும் மிஷின் எல்லாம் கிடக்கும். உள்ளே ரொட்டி சானாய் சாப்பிடுகிறவர்களில் பலர் யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு இல்லை. தோட்டத்தில் பிறந்து, பட்டணத்துக்கு வந்து, ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொண்டு சொந்தக் காலில் நிற்பவர்கள். இவர்களில் நான்கைந்து பேரைச் சேர்த்து வீட்டு வேலை, கோயில் வேலை என்று எடுத்து நடத்தும் தொழிலில் இப்போது நம் பிள்ளைகள் நிறையப் பேர் இறங்குகிறார்கள். நானும் அப்படி இறங்கியவள்தான்.

வேலை தெரிந்தவரைக் கண்டுபிடிப்பது இந்த ஊரில் கஷ்டமே இல்லை. ஒருவரைக் கேட்டால் மூன்று பேரைச் சொல்வார். உறவு முறிவது காசில்தான், அதுவும் பெரும்பாலும் யாரும் ஏமாற்றாமலே முறிகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றைத்தான். ஒரு வெள்ளி (ரிங்கிட்) நம் கையை விட்டுப் போகும் முன், எந்த வேலைக்கு, யாருக்கு, எது முடிந்ததற்கு என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.

எனக்கு இது புரிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் தரைக்கல் பதிக்கும் அண்ணன் ஒருவர் எனக்காக இரண்டு வீட்டில் வேலை செய்தார். ஒன்று 5,600 வெள்ளி, இன்னொன்று 4,200. நான் வெள்ளிக்கிழமை தோறும் 500 வெள்ளி அவர் கணக்கில் போட்டுவந்தேன். பதினோரு வாரத்தில் 5,500 போயிருந்தது. அந்த நேரம் பார்த்து முதல் வீட்டுக்காரர் எனக்குத் தர வேண்டியதை நிறுத்திவிட்டார். இரண்டாம் வீட்டு வேலை முடிந்த அன்று அண்ணன் கேட்டார்:

"தங்கச்சி, இந்த வீட்டுக் காசு எப்ப போடுவ?"

"பாதிக்கு மேல போட்டாச்சே அண்ணே. வாராவாரம் போட்டதுல பாதி இந்த வீட்டுக்குத்தானே. இன்னும் 1,450தான் இருக்கு."

"என்னம்மா சொல்ற? நீ வாராவாரம் போட்டதெல்லாம் அந்த வீட்டுக்குன்னுல்ல நெனச்சேன். இந்த வீட்டுக்கு இன்னும் ஒரு காசும் வரலையே."

வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தோம். 500, 500, 500 என்று வரிசையாக நின்றது. எந்த வீட்டுக்கு என்று ஒரு வரிகூட இல்லை. அவர் நினைத்ததும் நியாயம், நான் நினைத்ததும் நியாயம். எழுதாமல் விட்டது என் குற்றம் என்பதால் அவர் கணக்கையே ஏற்று, வளையலை அடகு வைத்து 4,200ஐயும் கொடுத்தேன். அன்றிலிருந்து ஆளின் பெயரில் கணக்கு எழுதுவதை விட்டுவிட்டேன். வேலையின் பெயரில்தான் எழுதுகிறேன்.

முதலில் வேலைக்கு ஒரு எண்

வேலை கைக்கு வந்ததும், ஒரு ஆணி வாங்கும் முன்பே அதற்கு ஒரு எண் கொடுங்கள். ஆண்டும் வரிசையும் போதும். 2025ல் எடுத்த ஏழாவது வேலை என்றால் 25-07. அதே தெருவில், அதே குடும்பத்துக்கே இன்னொரு வேலை வந்தாலும் அது 25-08தான். வேலி போடும்போதே "அப்படியே சமையலறையும் பாத்துடுங்க" என்பார்கள். அந்தச் சமையலறைக்கும் தனி எண்.

பிறகு வேலையைத் தொழில் வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒரு கோயில் அன்னதான மண்டபத்தைப் பழுது பார்க்க 18,000 வெள்ளிக்கு ஒத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். கூரையும் இரும்பு வேலையும் 6,500. வயரிங் 2,200. தரைக்கல் 3,400. சாயம் 2,100. மொத்தம் 14,200. மீதி 3,800ல்தான் குப்பை அள்ளும் லாரி, சில்லறைச் சாமான், எதிர்பாராத செலவு, நம் உழைப்பு எல்லாம் அடங்க வேண்டும். 25-07-1 கூரை, 25-07-2 வயரிங் என்று ஒவ்வொன்றுக்கும் கிளை எண் போட்டுவிட்டால், இனி அந்த வேலைக்காகப் போகும் ஒவ்வொரு காசும் ஏதாவது ஒரு கிளையில் போய் உட்கார்ந்தாக வேண்டும். எந்தக் கிளையிலும் உட்காராத செலவு வந்தால் அது நம் 3,800ஐத் தின்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. கைப்பேசியில் கூகள் ஷீட்ஸ் இருந்தால் இரண்டு தாள் திறந்தால் போதும், ஒன்று ஆட்களுக்கு, ஒன்று வேலைகளுக்கு. கணினியே பிடிக்காதவர்கள் நீள நோட்டில் எழுதலாம். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வேலைக்கு ஒரு பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம் வாங்கி, அட்டையில் எண்ணை எழுதி வைத்துக்கொள்கிறார். அவர் கணக்கில் இதுவரை ஒரு சண்டை வந்து நான் கேட்டதில்லை.

ஆளுக்கு ஒரு கோப்பு, ஒரே முறை

ஒருவருக்குக் காசு கொடுக்கத் தகுதி இருக்கிறதா என்பதில் இரண்டு பாதி உண்டு. அந்த ஆள் தகுதியானவரா என்பது ஒன்று. அந்த வேலை காசுக்குத் தகுதியாகிவிட்டதா என்பது இன்னொன்று. முதல் பாதியை அவர் நம்மோடு சேரும் நாளிலேயே முடித்துவிட வேண்டும். காசு கேட்டு வந்து நிற்கும் நாளில் "ஐசி நகல் இருக்கா?" என்று கேட்பது மரியாதையே இல்லை.

ஐசியில், அதாவது அடையாள அட்டையில், உள்ளபடி முழுப்பெயர், ஐசி எண், கைப்பேசி, வங்கிக் கணக்கு, வருமான வரி எண், வணிகப் பதிவு இருந்தால் அதன் எண். இவ்வளவும் கோப்பில் இருக்கட்டும். சொந்தமாக வியாபாரம் தொடங்குபவர் 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிய வேண்டும் என்பது சட்டம். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். பதியாதவரைக் கண்டால் விரட்டாதீர்கள், கூடப் போய்ப் பதிந்து கொடுங்கள். ஒரு காலை நேரம்தான் ஆகும், அந்த நன்றியை அவர் பல வருஷம் மறக்கமாட்டார்.

பெயர் விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பிறப்புப் பத்திரம் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஐசியில் ஒரு மாதிரி, வங்கியில் வேறு மாதிரி, வணிகப் பதிவில் மூன்றாவது மாதிரி இருக்கும். சுப்பிரமணியத்தை எத்தனை விதமாக ரோமன் எழுத்தில் எழுதலாம் என்று நினைத்துப் பாருங்கள். இன்னார் மகன், இன்னார் மகள் என்று குறிக்கும் ஏ/எல், ஏ/பி ஓர் இடத்தில் இருக்கும், இன்னோர் இடத்தில் இருக்காது. அதனால் கோப்பு திறந்த அன்றே, வங்கிக்கு வங்கி உடனே பணம் அனுப்பும் டூயிட்நவ்வில் ஒரு வெள்ளி அனுப்பிப் பாருங்கள். அனுப்பும் முன் திரையில் வரும் பெயரை அவருக்கும் காட்டி, "இது நீங்கதானே அண்ணே?" என்று கேட்டு, வந்த பெயரை அப்படியே கோப்பில் எழுதுங்கள். பிறகு ஆயிரக்கணக்கில் அனுப்பும் நாளில் கை நடுங்காது.

சிலர் மனைவி கணக்கில் போடச் சொல்வார்கள், சிலர் அண்ணன் மகன் கணக்கில். காரணம் உண்மையாகவே இருக்கலாம், சொந்தக் கணக்கு முடங்கியிருக்கலாம். ஆனாலும் என் முடிவு ஒன்றுதான்: வேலை செய்தவர் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போடுவேன். தவிர்க்கவே முடியாவிட்டால் காசோலை, இல்லையென்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரொக்கம். மூன்றாவது ஆளின் கணக்கில் போட்ட பணம் பிறகு "எனக்கு வரவே இல்லை" என்று திரும்பி வரும்.

தொழிலுக்கான தகுதியும் இதே கோப்பில்தான் இருக்க வேண்டும். வயரிங் செய்பவரிடம் எரிசக்தி ஆணையம் தரும் தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். அது இல்லாதவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் மின்சாரத்தில் கை வைக்க விடாதீர்கள். கட்டுமான இடத்தில் வேலை செய்பவரிடம் சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) தரும் பச்சை அட்டை இருக்க வேண்டும், அது காலாவதியாகும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். வேலையை எடுத்து நடத்தும் நமக்கும் சிஐடிபி பதிவு வேண்டும். முதல் படியான ஜி1ல் 200,000 ரிங்கிட் வரையுள்ள வேலையை எடுக்கலாம்.

சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017ல் வந்தது, முதலில் டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு, 2020 முதல் கட்டுமானம் உட்பட மற்றத் துறைகளுக்கும். மாதம் 1,550 ரிங்கிட் வருமானத்துக்கான திட்டத்தில் ஆண்டுக்கு 232.80 ரிங்கிட் கட்டினால், வேலையில் அடிபட்டால் மருத்துவமும் உதவித்தொகையும் கிடைக்கும். நாளுக்கு ஒரு தே தாரிக்கின் விலைகூட ஆகாது. கூரையில் ஏறுகிறவர் இதைக் கட்டியிருந்தால்தான் நான் வேலைச் சீட்டே எழுதுவேன். முதல் ஆண்டு முடியாதவருக்கு நானே கட்டி, அந்த வேலையின் கணக்கில் செலவாக எழுதிய நாளும் உண்டு.

ஐசி படத்தை எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லாதீர்கள். தனியாக அனுப்பச் சொல்லிச் சேமித்துவிட்டு அந்தச் செய்தியை அழித்துவிடுங்கள். தனிநபர் தரவைக் காக்க 2010லேயே சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது ஒருவர் நம்மை நம்பிக் கொடுத்த பொருள்.

இவர் சொந்தத் தொழில்காரரா, நம் ஊழியரா?

இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, வாங்கியவர்கள் பலர் நேரடி ஆள் வைக்காமல் குத்தகைக்காரர் மூலம் வேலை வாங்கினார்கள். அதில் எத்தனையோ குடும்பங்கள் சேமநிதியையும் வீட்டையும் இழந்தன. இதே சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளான நாம், ஊழியரை ஒப்பந்தக்காரர் என்று பெயர் மாற்றி அதே அநியாயத்தைச் செய்யக் கூடாது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் 101சி என்ற பிரிவு இருக்கிறது. எழுத்தில் வேலை ஒப்பந்தம் இல்லாத இடத்தில், ஒருவரை ஊழியர் என்று எப்போது கருதலாம் என்று அது சொல்கிறது. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை நாம் கட்டுப்படுத்துகிறோமா, நேரத்தை நாம் குறிக்கிறோமா, கருவியும் பொருளும் நம்முடையதா, அவர் வேலை நம் தொழிலின் பிரிக்க முடியாத பகுதியா, அவர் நமக்காக மட்டும்தான் உழைக்கிறாரா, குறித்த காலத்துக்கு ஒருமுறை நாம் கொடுக்கும் காசுதான் அவர் வருமானத்தின் பெரும்பகுதியா என்றெல்லாம் பார்க்கிறார்கள்.

நம் வெல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி அவருடையது, விலை அவர் சொன்னது, போன வாரம் வேறொருவர் வீட்டு வாசல் கேட்டுக்கு வேலை செய்தார், நாளை வர முடியாது என்றால் வரமாட்டார். அவர் ஒப்பந்தக்காரர்தான். தினமும் எட்டு மணிக்கு வந்து, நம் பிரஷ்ஷை எடுத்து, நாம் காட்டிய சுவருக்குச் சாயம் அடித்துவிட்டு, நாம் போகச் சொன்னபின் போகும் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் ஊழியர். அவனுக்கு இபிஎஃப் (சேமநிதி) கட்ட வேண்டும்: 5,000 ரிங்கிட் வரையுள்ள சம்பளத்தில் நம் பங்கு 13 விழுக்காடு, அவன் பங்கு 11. பெர்கேசோ கட்ட வேண்டும். 2025 ஆகஸ்டு முதல் எத்தனை ஆள் வைத்திருந்தாலும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். சம்பள காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அவனுக்கு இந்தக் கட்டுரையில் வரும் "தகுதி" சோதனை எதுவும் கிடையாது. சுவர் சரியாக வந்தாலும் வராவிட்டாலும் உழைத்த நாளுக்குச் சம்பளம் உண்டு.

ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் கையாளையும் கவனியுங்கள். அவருக்குக் காசு கொடுப்பது யார் என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் என்றால் அனுமதிச் சீட்டைப் பார்க்காமல் உள்ளே விடவே கூடாது. செல்லாத அனுமதியோடு ஆளை வேலைக்கு வைத்தால் ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், சிறையும் உண்டு. 18,000 வெள்ளி வேலையில் இதைத் தாங்க நம்மால் முடியாது.

வேலைச் சீட்டு

ஒரு பக்கம் போதும். வேலை எண், கிளை எண், ஆள் பெயர், என்ன செய்ய வேண்டும், பொருள் யார் வாங்குவது, மொத்தத் தொகை, அது எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு, கட்டம் முடிந்தது என்பதற்கு என்ன அடையாளம், முடிந்தபின் எத்தனை நாளில் காசு. தமிழில் எழுதுங்கள். மலாயில் எழுதினால்தான் செல்லும் என்பதெல்லாம் இல்லை, இரண்டு பேருக்கும் புரிவதுதான் முக்கியம். இரண்டு பிரதியிலும் கையெழுத்து. அவர் பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தால் துவைத்துவிடுவார், அதனால் படமும் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

வீட்டு வேலையை விட்டுத் திருமண வேலைகளைச் சேர்த்து நடத்துபவர்களும் இருக்கிறீர்கள். மணவறை, படம் எடுப்பவர், ஒப்பனை செய்பவர் எல்லாருக்கும் இதே சீட்டு பொருந்தும். மாதச் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வேலை காசு வாங்குபவர்களுக்காக 2025ல் மக்களவையில் நிறைவேறிய கிக் தொழிலாளர் சட்டமும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்றுதான் சொல்கிறது.

காசு எப்போது தகுதியாகிறது

இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும். என் பாட்டி கித்தா மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு இருட்டோடு போய், காண்டா என்ற தோள்தடியில் பால் சுமந்து வந்து நிறுக்கும் கொட்டகையில் நிற்பார். தோட்டத்துக் கணக்கரான கிராணி பாலை நிறுப்பார், மெட்ரோலாக் கருவியை விட்டுப் பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்ப்பார், கூலிப் பதிவேடான செக்ரோலில் எழுதுவார். பாட்டிக்கு எழுதப்படிக்கத் தெரியாது. "முள்ளு எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியும்டி, அவரு என்ன எழுதினாருன்னுதான் தெரியாது" என்பார். அந்த வார்த்தையை நான் மறந்ததில்லை. அளக்கும் இடமும் எழுதும் இடமும் இரண்டு பேர் கண்ணிலும் பட வேண்டும்.

அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் அடையாளம் வையுங்கள். "பாதி வேலை முடிந்ததும்" என்று எழுதினால் அது சண்டைக்கு வித்து. எது பாதி? மண்டபக் கூரைக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: இரும்பும் தகரமும் மண்டபத்தில் வந்து இறங்கிய அன்று 30 விழுக்காடு, 1,950 வெள்ளி. கடைசித் தகரம் அடித்து, தண்ணீர் இறங்கும் குழாய் பொருத்தி, இரும்புக்குத் துருச்சாயம் அடித்ததும் 60 விழுக்காடு, 3,900 வெள்ளி. அதன்பின் 14 நாள் கழித்து, இடையில் ஒரு பெருமழையாவது பெய்து ஒழுகாமல் இருந்தால் மீதி 650 வெள்ளி. 14 நாளில் மழையே வராவிட்டால்? இந்த ஊரில் அப்படி அபூர்வம். ஆனாலும் சீட்டில் எழுதிவிடுவேன்: மழை இல்லையென்றால் 15ஆம் நாள் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்ப்போம். வானத்துக்காக ஒரு மனிதரின் காசைக் காக்க வைக்கக் கூடாது.

அடையாளம் வந்ததும் ஒப்பந்தக்காரர் ஒரு வரி அனுப்புவார்: "25-07-1 இரண்டாம் கட்டம் முடிந்தது." கூடவே மூன்று படம். மறுநாளுக்குள் நாம் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒருமுறை நானும் வெல்டரும் ஏணியில் ஏறி, அவர் கையில் டார்ச்சு, என் கையில் சீட்டு, ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தோம். ஏழாவது தூணின் தலையில் வெல்டிங் குமிழ் குமிழாக, உள்ளே இறங்காமல் மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சொல்லும் முன் அவரே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இத அறுத்துட்டு மறுபடி வைக்கிறேன் தங்கச்சி, நாளைக்கு வாங்க" என்றார். நான் தனியாகப் பார்த்துவிட்டு வந்து போனில் சொல்லியிருந்தால் அதே விஷயம் மனக்கசப்பாகியிருக்கும்.

தாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே ஒரே ஒரு சொல் எழுதுகிறேன். "நடக்கிறது", "பார்க்கணும்", "தகுதி", "நிறுத்தம்", "கொடுத்தாச்சு". இந்த ஐந்தைத் தவிர வேறு எதுவும் எழுதக் கூடாது. "கிட்டத்தட்ட" என்று எழுதினால் அந்த வரி செத்துப்போகும். "தகுதி" என்று எழுதினால் பக்கத்தில் தேதியும் போட வேண்டும், காசுக்கான நாள் அங்கிருந்துதான் எண்ணப்படும். "நிறுத்தம்" என்றால் காரணத்தை எழுதி, அன்றைக்கே அவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நிறுத்துவதுதான் இந்தத் தொழிலில் நான் பார்த்த மிக மோசமான பழக்கம். போன் எடுக்காமல் இருப்பது, "அடுத்த வாரம் பாப்போம்" என்பது. அந்த வாரம் அவர் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் இருந்திருக்கும்.

நிறுத்தம் எதற்கு நியாயம், எதற்கு நியாயம் இல்லை என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் குறை இருந்தால் நிறுத்தலாம், அதுவும் குறையின் அளவுக்குத்தான். 3,900 வெள்ளி வேலையில் ஒரு தூணின் தலை சரியில்லை என்று முழுவதையும் பிடித்து வைப்பது அநியாயம். அட்டை காலாவதியானால் புதுப்பிக்கும் வரை புது வேலை கொடுக்காமல் இருக்கலாம், செய்து முடித்த வேலைக்கான காசைப் பிடிக்கக் கூடாது. இன்னொரு வேலையில் அவர் செய்த குறைக்காக இந்த வேலையின் காசைப் பிடிப்பதும் தப்பு. 25-05ன் சண்டை 25-05லேயே தீர வேண்டும், எண் கொடுத்ததே அதற்குத்தானே.

"எனக்கு இன்னும் வரல, வந்ததும் தரேன்" என்பதுதான் அதிகம் கேட்கும் காரணம். கட்டுமானத் துறையில் சட்டம் இதை ஏற்பதில்லை. 2012ஆம் ஆண்டு கட்டுமானப் பணக்கொடுப்பு, தீர்ப்புச் சட்டம் 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. மேலே உள்ளவர் கொடுத்தால்தான் கீழே உள்ளவருக்குக் கொடுப்பேன் என்ற நிபந்தனையை அது செல்லாததாக்குகிறது. காசு எப்போது என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டிருந்தால், பில் கிடைத்ததிலிருந்து 30 நாளில் கொடுக்க வேண்டும். எழுத்தில் உள்ள ஒப்பந்தங்களுக்குத்தான் இந்தச் சட்டம் பொருந்தும். தனிநபர் ஒருவர் தான் குடியிருக்க, நான்கு மாடிக்குக் குறைவாகக் கட்டும் வீட்டுக்கு அவர் செய்யும் ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது. வீட்டுக்காரரிடம் நாம் வாங்கும் முன்பணம் ஏன் முக்கியம் என்பது இப்போது புரியும். அவர் தாமதித்தால் அந்தச் சுமை நம்முடையது, வெல்டருடையதில்லை. அதைத் தாங்க முடியாத அளவுக்குப் பெரிய வேலையை முதல் ஆண்டில் எடுக்காதீர்கள்.

காசு போடும் நாள்

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு வியாழன். புதன் இரவு தாளைத் திறந்து "தகுதி" என்று இருப்பதை மட்டும் எடுத்து எழுதுவேன். வியாழன் காலை அனுப்புவேன். அனுப்பும்போது குறிப்புப் பெட்டியில் 25-07-1-2 என்று வேலை, கிளை, கட்டம் மூன்றையும் போடுவேன். பதினோரு வாரம் 500 வெள்ளி அனுப்பிய காலத்தில் இந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் என் வளையல் கையிலேயே இருந்திருக்கும். ரசீதைப் படமாக அவருக்கு அனுப்பி, தாளில் "கொடுத்தாச்சு" என்று மாற்றி, தொகையைப் போட்டுவிட வேண்டும்.

நடுவில் அட்வான்ஸ் கேட்பார்கள். தீபாவளி வரும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும். கொடுங்கள். மனிதர்களோடு செய்யும் தொழில் இது. ஆனால் எந்தக் கட்டத்தில் கழிப்போம் என்பதை அப்போதே எழுதி, அவரிடம் "சரி" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தில் எவ்வளவு மீதியிருக்கிறதோ அதற்கு மேல் கொடுத்தால் அது அட்வான்ஸ் இல்லை, கடன். அதை வேலைக் கணக்கில் கலக்காமல் தனியாக எழுதுங்கள்.

வருமான வரியில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. 2022 முதல் முகவர், விநியோகிப்பாளர்களுக்கு நிறுவனங்கள் கொடுக்கும் கமிஷனில் 2 விழுக்காடு பிடிக்கும் விதி இருக்கிறது, அதுவும் முந்தைய ஆண்டு 100,000 ரிங்கிட்டுக்கு மேல் பெற்றவர்களுக்கு. அதைக் கேள்விப்பட்டுத் தரைக்கல் பதிப்பவரிடம் 2 விழுக்காடு பிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் முகவர் இல்லை, பிடிக்கக் கூடாது. அவர் தன் வரியைத் தானே பி படிவத்தில் காட்டுவார். ஆண்டு முடிந்ததும் எந்த வேலைக்கு எவ்வளவு வாங்கினார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவருக்குப் பெரிய உதவி.

இத்தனைக்குப் பிறகும் தகராறு வந்தால், முதலில் சீட்டை நடுவில் வைத்து ஒரு மேசையில் உட்காருங்கள். பெரும்பாலும் அங்கேயே தீரும். தீராவிட்டால் 5,000 ரிங்கிட் வரையுள்ள தொகைக்குச் சிறு வழக்கு நீதிமன்ற முறை இருக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை, 198ஆம் படிவத்தை நாமே நிரப்பலாம். ஒப்பந்தப் பாக்கிக்கு ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். இதே வழி நம் ஒப்பந்தக்காரருக்கும் திறந்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அவரிடமும் நம் கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கிறது.

வேலையை மூடுவது

மண்டபக் கூரை பெருமழையைத் தாங்கி, கடைசி 650 வெள்ளியும் போனபின் தாளில் எல்லாக் கட்டமும் "கொடுத்தாச்சு" என்று நிற்க வேண்டும். நிற்காத வரி ஒன்று இருந்தாலும் மூடாதீர்கள். பிடித்து வைத்த காசு மறக்கப்படுவது இங்கேதான். அவரும் கேட்கக் கூச்சப்படுவார், நாமும் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அதனால் 15ஆம் நாளைக் கைப்பேசியில் மணியடிக்க வைத்துவிடுங்கள். பிறகு 14,200ஐயும் ரசீதுகளையும் கூட்டிச் சரிபார்த்து, 3,800ல் நமக்கு உண்மையில் எவ்வளவு நின்றது என்று எழுதுங்கள். அடுத்த கோயில் வேலைக்கு விலை சொல்லும்போது அந்த எண்தான் கை கொடுக்கும்.

சீட்டு, படங்கள், ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, மேலே 25-07 என்றும் முடிந்த தேதியையும் எழுதுங்கள். வணிகக் கணக்கை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம். கறையான் ஏறாத இடமாகப் பார்த்து வையுங்கள்.